டெலவேர் மாநிலத்துல பீச் பைய ஏன் அதிகாரப்பூர்வ இனிப்பா அறிவிச்சாங்க?

பீச் பழத்துண்டுகள மாவுக்குள்ள வெச்சு ஓவன்ல சுடுற பலகாரம்ங்க அது, இதுக்குப் போய் சட்டமான்னு கேட்டிருக்கீங்க, ஆனா அமெரிக்காவோட அந்தக் குட்டி மாநிலத்துல 19ஆம் நூற்றாண்டுல பீச் தோப்பு வெச்சுப் பிழைச்ச குடும்பங்க அவ்ளோ இருந்துச்சு, ரயில் வந்ததும் பழம் கெடுறதுக்குள்ள பெரிய ஊர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேந்துடும். 1895ல பீச் பூவயே மாநிலப் பூவா அறிவிச்சாங்க. கொடுமை என்னன்னா அந்தக் காலத்துலயே 'எல்லோஸ்'னு ஒரு நோய் தோப்பு தோப்பா அழிச்சிட்டு இருந்துச்சு, பாதிச்ச மரத்த வெட்டி எரிக்கறதத் தவிர வேற வழியில்ல. பெரும்பாலான தோப்பு போயிடுச்சு. அப்புறம் 2009ல மாநிலத் தலைநகர் டோவர்ல இருக்கற பள்ளிக்கூடப் பசங்க கேட்டுதான் பீச் பைக்கு இந்தச் சட்டம் வந்துச்சு. விவசாயிக்கு இதனால நேரா காசு வராதுதான், ஆனா தோப்பையே பாக்காத பசங்க அத ஞாபகம் வெச்சுக் கேட்டாங்க பாருங்க, எனக்கு அது ரொம்பப் பெருசுங்க.