பெங்களூருல வயசானவங்களுக்கு வயசானவங்களே கவுன்சலிங் – கேள்வி பதில்

அல்சூர், ரிட்டயர்டு டீச்சர்: மேடம், சைக்காலஜி படிக்காத நானெல்லாம் இதுக்கு வரலாமா?

தாராளமா வாங்க. டிகிரி வேணாம், ஆனா ட்ரெய்னிங் எடுக்காம உக்காரக் கூடாது. நம்ம வயசுக்காரங்களுக்கு ஒரு பழக்கம், அவங்க மூட்டுவலின்னு ஆரம்பிச்சா "எனக்கும் இப்படித்தான்"னு நம்ம கதைய எடுத்து விட்டுடுவோம், டீச்சரா இருந்தவங்க கூடவே புத்தியும் சொல்லுவாங்க (கோவிச்சுக்காதீங்க), அது ரெண்டும் இல்லாம அரை மணி நேரம் கேக்க வந்துட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஜாலஹள்ளி: பக்கத்து ஃப்ளாட் சாருக்கு மனைவி போனதுலேந்து மறதி ஜாஸ்தி, யார்கிட்டயும் பேசறதில்ல. டிமென்ஷியாவா (மூளை பாதிச்சு வர்ற மறதி நோய்)?

அந்தப் பேர நீங்க வைக்காதீங்க ப்ளீஸ். டிப்ரெஷன்லயும் மறதி வரும், வைட்டமின் பி12 குறைஞ்சாலும் தைராய்டுலயும் வரும், காது மந்தமானா கூட பேச்சு நின்னுடும். இதையெல்லாம் சரி பண்ண வழி இருக்கு, அதனால டாக்டர் பாக்கறது முக்கியம், நம்ம ஊர் மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்ல முதியோருக்குத் தனிப் பிரிவே இருக்கு. நீங்க தினம் வாக்கிங் கூப்பிடுங்க, எதிர்ல உக்காந்து கேட்டா வராத பேச்சு நடக்கறப்போ வரும்.

மல்லேஸ்வரம்: "போய்ச் சேர்ந்தா தேவலை"ன்னு ஒரு மாமி அடிக்கடி சொல்றாங்க. வயசானா எல்லாரும் சொல்றதுதானே?

அப்படி நெனச்சு விட்டுடாதீங்க மா. "உயிர விட்டுடலாம்னு தோணுதா"ன்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னாலோ மாத்திரை சேத்து வெச்சிருந்தாலோ தனியா விடாதீங்க, வீட்ல சொல்லிடுங்க, 14416க்குக் கூப்பிடுங்க, அது டெலி மானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். ரகசியம் காப்போம்னு சொல்றோம்ல, உயிர் விஷயத்துல மட்டும் காக்க மாட்டோம்னு மொத நாளே சொல்லிடணும்.

ஸ்ரீராம்புரம்: வீட்ட பையன் பேர்ல எழுதிக் கொடுத்துட்டு சோத்துக்கே கஷ்டப்படறார் ஒருத்தர், சமாதானம் பேசலாமா?

பேசாதீங்க, அது நம்ம வேலையில்ல. 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துல பிரிவு 23 இருக்கு, பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட கொடுத்த சொத்த, பாத்துக்கலன்னா ட்ரிப்யூனல் (அந்தச் சட்டப்படி இருக்கற தீர்ப்பாயம்) ரத்து பண்ணலாம். முதியோர் ஹெல்ப்லைன் 1090க்கோ 14567க்கோ அவரையே பேச வைங்க, நீங்க பக்கத்துல இருந்தா போதும்.

கே.ஆர்.புரம்: போறப்பெல்லாம் மருமக கூடவே உக்காந்துக்கறாங்க, பெரியவர் வாயே திறக்கல.

மருமகளையும் தனியா கேளுங்க, அவங்களுக்கும் சொல்ல நெறைய இருக்கும். பெரியவர பார்க்குக்கோ கோயிலுக்கோ கூட்டிட்டுப் போய்ப் பேசுங்க.