கழற்றிய சுவரோவியம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொழிலாளர் துறை அலுவலகச் சுவரோவியத்தை 2011இல் ஆளுநர் அகற்றினார். அதை எதிர்த்துப் போராடியவர்களை ஆதரித்து எழுதியிருந்தீர்கள். மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குத் தன் அலுவலகச் சுவரில் எந்தப் படம் இருக்கலாம் என்று முடிவெடுக்கும் உரிமை இல்லையா? ஓவியத்தை யாரும் அழிக்கவில்லையே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீதிமன்றமும் உங்கள் பக்கம்தான். அரசு தன் சுவரில் வைக்கும் ஓவியம் அரசே தன் கருத்தைச் சொல்வது போன்றது, அதை அரசே மாற்றிக்கொள்ளலாம் என்று 2012இல் தீர்ப்பானது. மேல்முறையீட்டிலும் அரசே வென்றது. சட்டம் அப்படி. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதில் என்ன இருந்தது என்று பாருங்கள். ஜூடி டெய்லர் வரைந்த 11 பலகைகள், 36 அடி நீளம். வேலைக்குப் போன சிறுவர்கள், 1937இல் வேலைநிறுத்தம் செய்த காலணித் தொழிலாளர்கள், போர்க்காலத்தில் கப்பல் கட்டிய பெண்கள், அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண்ணான பிரான்சிஸ் பெர்கின்ஸ். எல்லாம் அந்த மண்ணின் வரலாறு. தொழிலாளர் துறைச் சுவரில் தொழிலாளர் இருப்பது முதலாளிகளுக்கு ஒருதலைப்பட்சமாகத் தெரிகிறது என்றார் ஆளுநர் பால் லபேஜ். அந்த அலுவலகத்தில் பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் பெயரில் இருந்த கூட்ட அறைக்கும் பெயரை மாற்றச் சொன்னார்.

தன் சுவர் என்கிறீர்கள், சரி. பணம்? 60,000 டாலர் செலவில் பெரும்பங்கு மத்திய அரசின் நிதி. ஓவியத்தை மறுபடி வையுங்கள், இல்லையென்றால் எங்கள் பங்கைத் திருப்பித் தாருங்கள் என்று மத்தியத் தொழிலாளர் துறையே கடிதம் அனுப்பியது.

இதற்கு முன்பு நடந்த ஒன்றையும் பாருங்கள். சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 120 அடி நீள எஃகுச் சிற்பம் நியூயார்க்கில் அரசு அலுவலக முற்றத்தில் நின்றது. வழியை மறிக்கிறது என்று அங்கே வேலை பார்த்தவர்களே புகார் சொன்னார்கள், நியாயமான புகார்தான். 1985இல் பொது விசாரணை நடந்தது. பேசிய 180 பேரில் 122 பேர் சிற்பம் இருக்கட்டும் என்றார்கள். அப்படியும் 1989இல் அதை வெட்டி எடுத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அங்கே எல்லோரும் வாய்விட்டுப் பேசி, அது பதிவாகவாவது ஆனது. மெய்னில் அந்த விசாரணைகூட இல்லை. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களில், ஒரு வார இறுதியில், சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். கேட்காமல் செய்தவர்களிடம் தெருவில் நின்றுதானே கேட்க முடியும்?

அழிக்கவில்லை என்பது உண்மை. 2013 ஜனவரியில் மாநில அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். எனக்கும் அதில் நிம்மதிதான். ஆனால் அருங்காட்சியகத்துக்கு நேரமும் விருப்பமும் உள்ளவர்கள் போவார்கள். டெய்லர் அதை வரைந்தது தொழிலாளர் துறையின் காத்திருப்புப் பகுதிக்காக, வேலை விஷயமாக அங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக. அவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை.