ஆர்ஜென்டினா இளையோர் உதைபந்தாட்ட அணி ஆறு தடவை உலகக் கிண்ணம் எடுத்தது எப்படி? நம்ம நாட்டில் அப்படி ஓர் அணி வராதா?

கேள்வியின் இரண்டாவது பாதிக்காகத்தான் எழுதுகிறேன். முதல் பாதி மட்டும் என்றால் படித்தவர்கள் யாராவது எழுதட்டும் என்று விட்டிருப்பேன்.

கேட்டவர் கொழும்புப் பக்கம் இருக்கும் ஒரு தம்பி என்று நினைக்கிறேன். 2022இல் மெஸ்ஸி கிண்ணத்தைத் தூக்கியதைப் பார்த்து, பத்தாம் நம்பர் சேர்ட் வாங்கி, அப்புறம் பழைய கதை தேடி வந்திருப்பீர்கள். அதில் தப்பில்லை. எங்களுக்கும் மரடோனாவைப் பார்த்துத்தான் பைத்தியம் பிடித்தது.

மரடோனாவிலிருந்தே தொடங்கலாம். 1978இல் ஆர்ஜென்டினா சொந்த மண்ணில் பெரிய உலகக் கிண்ணம் எடுத்தபோது அவருக்குப் பதினேழு வயது. பயிற்றுநர் மெனோட்டி கடைசி நேரத்தில் அவரை அணியிலிருந்து கழித்துவிட்டார். அடுத்த வருடம் ஜப்பானில் இளையோர் உலகக் கிண்ணம், இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கான போட்டி. அதே மெனோட்டி அதே மரடோனாவைக் கூட்டிக்கொண்டு போனார். இறுதி ஆட்டத்தில் சோவியத் அணியை 3-1 என்று அடித்தார்கள். சிறந்த வீரர் மரடோனா, எட்டு கோல் அடித்து முதலிடம் ரமோன் டியாஸ். அது முதல் கிண்ணம்.

அப்புறம் பதினாறு வருடம் ஒன்றுமில்லை. இதை யாரும் சொல்ல மாட்டார்கள். 1983இல் இறுதிக்கு வந்து பிரேசிலிடம் தோற்றார்கள். 1991இல் போர்த்துக்கலில் நடந்துகொண்ட விதத்துக்குத் தடை வாங்கி, 1993 போட்டிக்கே போகவில்லை. மரடோனா பிறந்த நாடு என்பதற்காகக் கிண்ணம் தானாக வந்து மடியில் விழவில்லை.

1994இல் இளையோர் அணிகளுக்குப் பொறுப்பாக ஒருவரைப் போட்டார்கள். ஹோசே பேகர்மான். பெரிய நட்சத்திரம் ஒன்றும் இல்லை. முழங்கால் அடிபட்டு இருபத்தெட்டு வயதிலேயே ஆட்டத்தை விட்டவர். வீட்டுச் செலவுக்கு டெக்சி ஓட்டியவர்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். நான் ஹட்டனில் ஓட்டோ ஓட்டுகிறேன். பின்னேரம் ஹயர் குறைந்த பிறகு எங்கள் தோட்டத்துப் பையன்களுக்கு உதைபந்து பழக்குகிறேன். "ஓட்டோக்காரனுக்கு என்ன கோச்சிங்" என்று நேரிலேயே கேட்டவர்கள் இருக்கிறார்கள். நான் பேகர்மான் என்று சொல்ல வரவில்லை, அப்படிப் புரிந்துகொண்டு சண்டைக்கு வராதீர்கள். ஸ்டியரிங் பிடித்த கைக்கு உதைபந்தாட்டம் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள் என்கிறேன்.

அந்த டெக்சிக்காரர் என்ன செய்தார் பாருங்கள். 1995இல் கட்டாரில் பிரேசிலை 2-0 என்று அடித்துக் கிண்ணம். 1997இல் மலேசியாவில் உருகுவேயை 2-1. 2001இல் சொந்த நாட்டில் கானாவை 3-0, அந்தப் போட்டி முழுக்க சவியோலா மட்டும் 11 கோல். கிண்ணத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 1997 அணியில் ஸ்கலோனி, ஐமார், சாமுவேல் என்று மூன்று பையன்கள் இருந்தார்கள். 2022இல் கட்டாரில் மெஸ்ஸி கிண்ணம் எடுத்தபோது தலைமைப் பயிற்றுநர் ஸ்கலோனி. அவருடைய உதவியாளர்களில் ஐமாரும் சாமுவேலும் இருந்தார்கள். பேகர்மான் வளர்த்த பிள்ளைகள் இருபத்தைந்து வருடம் கழித்தும் நாட்டுக்கு வேலை செய்கிறார்கள். இளையோர் அணி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

2001 கிண்ணத்துக்குப் பிறகு பேகர்மான் இளையோர் அணியை விட்டுப் போய்விட்டார். அவரோடு இருந்த ஊகோ டொகாலி இளையோர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்சிலோனாவில் ஒரு சின்னப் பையன் இருக்கிறான், ரொசாரியோ ஊர்க்காரன், பதின்மூன்று வயதிலேயே ஸ்பெயினுக்குப் போனவன் என்று ஒரு வீடியோ டொகாலி கைக்கு வந்தது. விட்டால் ஸ்பெயின் தன் அணியில் போட்டுக்கொள்ளும். உடனே 2004 ஜூனில் பரகுவே இளையோர் அணியோடு அவசரமாக ஒரு நட்பு ஆட்டம் வைத்து அந்தப் பையனை இறக்கினார்கள். 8-0. அவனும் ஒரு கோல் போட்டான். அவனைக் கேட்டு பார்சிலோனாவுக்கு அனுப்பிய கடிதத்தில் அவன் பெயரையே பிழையாக எழுதியிருந்தார்கள் என்று சொல்வார்கள். பெயர் பிழை, ஆள் சரி. அவன்தான் மெஸ்ஸி. அடுத்த வருடம் நெதர்லாந்தில் அவன் போட்டி நடக்கும்போதே பதினெட்டு வயதைத் தொட்டான். முதல் ஆட்டத்தின் தொடக்கத்தில் வெளியே உட்கார வைத்தார்கள், அமெரிக்காவிடம் 1-0 என்று தோல்வி. பிறகு நிறுத்த முடியவில்லை. இறுதியில் நைஜீரியாவுக்கு எதிராக அவன் அடித்த இரண்டு பெனல்டியால் கிண்ணம், மொத்தம் ஆறு கோல், சிறந்த வீரர் விருதும் அவனுக்கே.

பெயர் பிழை என்றேன் அல்லவா. அங்கேதான் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பையன் இருந்தான். உண்மையான பெயர் வேண்டாம், குட்டி என்று வைத்துக்கொள்வோம். எங்கள் மைதானம் சரிவு. மேல்பக்கம் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், கீழ்ப்பக்கம் தேயிலை. பந்து கீழே போனால் செடிக்குள் உருண்டு கானுக்குள் விழும், எடுக்கப் போனவன் காலில் அட்டையோடு வருவான். அதனால் பையன்கள் எல்லாரும் மேல்பக்கமாகவே விளையாடப் பார்ப்பார்கள். குட்டி மட்டும் கீழ்க்கோட்டை ஒட்டியே ஓடுவான். இடது காலின் வெளிப்பக்கத்தால் பந்தைத் தட்டித் தட்டி, சரிவில் உருள விடாமல் பிடித்துக்கொண்டே ஓடுவான். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சமதரையில் அவனை இறக்கியபோது எதிர்ப்பக்கப் பையன்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பாடசாலை மாஸ்டர் ஒருவரும் நானும் சேர்ந்து அவனை நுவரெலியாவில் நடந்த ஒரு தெரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பதினேழு வயதுக்குட்பட்ட பிரிவு. விளையாடக்கூட இல்லை, பதிவு மேசையிலேயே நின்றுவிட்டது. பாடசாலைக் கடிதத்தில் பெயர் தமிழில் முழுசாக இருக்கிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் சிங்களத்தில். அதில் பெயரின் கடைசிப் பகுதி இல்லை, தகப்பன் பெயரில் ஓர் எழுத்து வேறு, பதிவு செய்த திகதி பிறந்து வருடங்கள் கழித்து. மேசையில் இருந்தவர் சிவப்புப் பேனாவால் மூன்று வட்டம் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "தம்பி, இது உங்க பேர்தானா?" என்று சிங்களத்தில் கேட்டார். குட்டி என்னைப் பார்த்தான்.

"சேர், ஒரு தடவை விளையாட விட்டுப் பாருங்க. பேப்பர் பிறகு கொண்டு வந்து தர்றோம்" என்று மாஸ்டர் கெஞ்சினார்.

"வயசு நிரூபிக்காம இறக்கினா என் வேலை போகும் மாஸ்டர்."

அவர் சொன்னதும் நியாயம்தான். வயதுக் கள்ளம் உலகம் முழுக்க நடக்கிறது, 2009இலிருந்து பதினேழு வயதுக்குட்பட்ட உலகக் கிண்ணத்துக்கு மணிக்கட்டை ஸ்கேன் செய்தே பார்க்கிறார்கள். "சட்டத்தை மீறச் சொல்கிறாயா" என்று யாராவது எழுதுவீர்கள் என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறேன். சட்டத்தை மீறச் சொல்லவில்லை. அந்தப் பத்திரத்தைப் பிழையாக எழுதியது குட்டி இல்லை, அவன் அம்மாவும் இல்லை. அந்தத் தண்டனை மட்டும் அவன் தலையில் ஏன் விழவேண்டும்?

திருத்தப் போனோம். கிராம சேவகர் கடிதம், அதிபர் கடிதம், சத்தியக் கடதாசி, பிறகு பிரதேச செயலகம். தாய் குவைத்தில் வீட்டு வேலை, தகப்பன் கொழும்பில். ஒரு கையெழுத்துக்காக ஒரு பொங்கலிலிருந்து அடுத்த லீவு வரை காத்திருந்த காலம் அது. பத்திரம் திருந்தி வந்தது, அழகாகத்தான் வந்தது. ஆனால் வயதுப் பிரிவு பிறந்த வருடக் கணக்கில்தான் போகும். ஜனவரி முதலாம் திகதி வந்தால் ஒரு பிரிவு போய்விடும், யாருக்காகவும் நிற்காது. குட்டி இப்போது புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறான். தீபாவளிக்கு வந்தால் இன்னும் கீழ்க்கோட்டில்தான் ஓடுவான், கொஞ்சம் தொந்தி விழுந்திருக்கிறது.

பேப்பர் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் போகும். அங்கே ஒரு மூலையில் கிடந்து, யாருக்காவது ஞாபகம் வந்தால் மலையில் கொழுந்தெடுக்கிற இடத்துக்கு வரும். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதை எங்கள் பக்கம் எத்தனையோ வீட்டில் உண்டு. என் தங்கச்சிக்கும் அப்படித்தான் ஒரு வேலை போனது. நூற்றைம்பது வருடமாகத் தேயிலையைப் பெட்டியில் அடைத்து லண்டனுக்குச் சரியாக அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு கடிதத்தை எங்கள் லயத்துக்குக் கொண்டுவரத் தெரியவில்லை. போன் வந்ததால் கொஞ்சம் தப்பித்தோம். சரி, விடுங்கள், பேசினால் இரவாகிவிடும்.

மிச்ச வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007இல் கனடாவில் டொகாலியின் அணி செக் குடியரசை 2-1 என்று வென்றது, அகுவேரோ ஆறு கோல். அதுதான் ஆறாவது, கடைசியும் அதுதான். 2023இல் தகுதிச் சுற்றிலேயே தவறினார்கள். இந்தோனேசியாவிடமிருந்து போட்டியைப் பிடுங்கி ஆர்ஜென்டினாவுக்குக் கொடுத்ததால் வீட்டுக்காரர் என்ற முறையில் விளையாடினார்கள், நைஜீரியாவிடம் 2-0 என்று தோற்றார்கள். 2025இல் சிலியில் இறுதி வரை போய் மொரோக்கோவிடம் 2-0. பிரேசில் ரசிகர்கள் கீழே வந்து எழுதும் முன் நானே சொல்கிறேன், உங்களுக்கு ஐந்து.

இனி நம்ம நாடு. வராதா என்று கேட்டீர்கள். 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று அடித்துத் தெற்காசியக் கிண்ணம் எடுத்தவர்கள்தான் நாங்கள். ஆக, காலில் குறை இல்லை. 2023இல் ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் (ஃபிஃபா) நம்மை இடைநிறுத்தியது. நிர்வாகத்துக்குள் நடந்த இழுபறிக்கு விளையாடுகிற பிள்ளைகளுக்குத் தண்டனை, இதுவும் சிவப்புப் பேனா கதைதான். இப்போது வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளிப் பையன்களைத் தேடிப் பிடித்துப் பெரிய அணியில் போடுகிறார்கள். நன்றாக ஆடுகிறார்கள், 2024இல் கம்போடியாவைப் பெனல்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதியின் அடுத்த சுற்றுக்குப் போனதைப் பார்த்து நானும்தான் கத்தினேன். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவுஸ்திரேலியா வரை தேடிப் போகிற கண்ணுக்கு எங்கள் மலைப்பக்கத்து மஸ்கெலியாவும் சாமிமலையும் பொகவந்தலாவையும் ஏன் தெரியவில்லை என்றுதான் கேட்கிறேன். டொகாலியிடம் வீடியோ போய்ச் சேர ஓர் ஆள் இருந்தார். எங்கள் பையன்களின் வீடியோ என் போனில் நிறைய இருக்கிறது. யாருக்கு அனுப்புவது?

தேர்வுக்குழுவில் இருக்கிற யாராவது தற்செயலாக இதை வாசித்தால், ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ஹட்டனுக்கு வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து நானே ஏற்றிக்கொண்டு போகிறேன், காசு வேண்டாம். பகல் சாப்பாடு வீட்டில், ரொட்டியும் கட்டச் சம்பலும். பையன்களின் பத்திரம் எல்லாம் இப்போது சரியாக இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்த்து கொப்பி எடுத்து வைத்திருக்கிறோம். ஜூன், ஜூலையில் மட்டும் வராதீர்கள், மழையில் கீழ்க்கோட்டுப் பக்கம் நிற்கவே முடியாது.