குறைந்த மணி நேரம் பறந்த பழைய ஜெட்டை நம்பி வாங்கலாமா?

நம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2001-இல் தயாரான செஸ்னா சைட்டேஷன் சிஜே1 விலைக்கு வந்திருக்கிறது. மொத்தம் 3,100 மணி நேரம்தான் பறந்திருக்கிறது. கடந்த சில வருடங்களாக அதிகம் பறக்கவில்லை. என்ஜின் பராமரிப்புத் திட்டம் எதிலும் இல்லை. இதே மாடல் மற்ற விமானங்களைவிட விலை நன்றாகக் குறைவு. வாங்கலாமா?"

அந்த 3,100-ஐ நல்ல அம்சம் என்று எண்ணாதீர்கள். சிஜே1-இல் இருப்பவை இரண்டு வில்லியம்ஸ் எஃப்ஜே44-1ஏ என்ஜின்கள். 1,750 மணி நேரம் ஓடியதும் என்ஜினில் எரிபொருள் எரியும் சூடான பகுதியைத் திறந்து சோதிக்க வேண்டும்; 3,500 மணியில் முழு ஓவர்ஹால், அதாவது என்ஜினை முழுதும் பிரித்துப் புதுப்பிப்பது. என்ஜின்கள் விமானத்தோடு வந்தவையே என்றால், இன்னும் 400 மணியில் இரண்டு என்ஜின்களுக்கும் ஒரே சமயத்தில் செலவு வந்து நிற்கும். விற்பவர் விலையைக் குறைத்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று கட்டிவந்தால் பின்னால் வரும் என்ஜின் செலவை ஏற்றுக்கொள்ளும் பராமரிப்புத் திட்டத்தில் இப்போது சேரலாமே என்று தோன்றும். ஆனால் இதுவரை ஓடிய மணிகளுக்கும் சேர்த்துத்தான் பொதுவாகப் பணம் கேட்பார்கள். அந்தத் தொகையை எழுத்தில் வாங்கி, விமானத்தின் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு அதோடு மறைந்துவிடலாம்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது, பறக்காமல் நின்ற வருடங்கள். நின்ற விமானத்தில் ரப்பர் சீல்கள் காய்ந்து கசியும், எரிபொருள் தொட்டியில் தண்ணீர் தேங்கி நுண்ணுயிர் வளரும், தரைப்பலகைக்கு அடியில் அலுமினியம் அரிக்கும். எங்கே நின்றது, கூரைக்குள்ளா வெளியிலா, கடலோரமா என்று கேளுங்கள். என்ஜினுக்குள் போரஸ்கோப் (நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டுப் பார்க்காமல் ஒப்பந்தம் போடவே கூடாது. டர்பைன் பிளேடின் விளிம்பு வெந்து தேய்ந்திருக்கிறதா என்பது அந்தக் கேமராவில்தான் தெரியும்.

அப்புறம் லாக்புக்குகள், அதாவது பறந்த நேரமும் செய்த பராமரிப்பும் எழுதிய பதிவேடுகள். முதல் நாளிலிருந்து தொடர்ச்சியாக இருக்க வேண்டும். என்ஜினுக்குள் பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி எண் உண்டு. எத்தனை சைக்கிள் (பொதுவாக ஒரு முறை கிளம்பி இறங்குவது ஒரு சைக்கிள்) ஓடியது என்ற கணக்கும், அதற்குமேல் ஓடக்கூடாது என்ற வரம்பும் உண்டு. அந்தக் கணக்கு நடுவில் அறுந்திருந்தால், பார்வைக்குப் புதிதாக இருக்கும் டிஸ்க்கைக்கூடப் பயன்படுத்த முடியாமல் போகலாம். உட்புறத் தோலும் பெயின்ட்டும் எவ்வளவு பளபளத்தாலும் இதற்கு ஈடாகாது.

வாங்குவதற்கு முந்தைய ஆய்வை, இந்த மாடலில் பழக்கமுள்ள, ஆனால் இதே விமானத்தை இதுவரை பராமரிக்காத பட்டறையிடம் கொடுங்கள். தன் வேலையிலேயே குறை சொல்ல எந்தப் பட்டறைக்கும் மனம் வராது. பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறைகளை விற்பவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், ஆய்வில் திருப்தி இல்லையென்றால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விமானத்தின் மேல் கடன் ஏதும் நிலுவையில் உள்ளதா என்பதை, பதிவான நாட்டின் ஆவணங்களிலும் விமானக் கடன் உரிமைகள் பற்றிய கேப்டவுன் உலக ஒப்பந்தத்தின் சர்வதேசப் பதிவேட்டிலும் வழக்கறிஞர் பார்க்கட்டும்.

அமெரிக்காவின் கட்டுப்பாட்டு வான்வெளியில் பல இடங்களில் 2020 முதல், விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி கட்டாயம். அங்கே பறப்பதாக இருந்தால், அது பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் என் யோசனை: ஓவர்ஹாலுக்கு இரண்டு மதிப்பீடுகள் வாங்கி, அதை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். போரஸ்கோப் ஆய்வுக்கு விற்பவர் தயங்கினால், சரி, வேறு விமானம் பார்க்கலாம்.