டென்ஷன் முதுகுவலிக்கு அக்குபங்சர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருடமாக அக்குபங்சரும் செய்கிறேன். அதனால் ஊசி மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். "டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் என் வலி கற்பனையா மேடம்?

இல்லை. வலி நிஜம், காரணம்தான் படத்தில் விழுவதில்லை. மனம் நெருக்கடியில் இருக்கும்போது தோள் காதை நோக்கி ஏறுகிறது, மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறது, முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் தசைகள் தளரவே மறந்துபோகின்றன. இதைப் படிக்கும்போதே பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்புறம் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டவருக்குச் சின்ன வலியும் பெரிதாகத் தெரியும். வலிக்குப் பயந்து அசையாமல் இருப்போம், அசையாததால் இன்னும் இறுகும். வட்டம் இப்படித்தான் சுற்றுகிறது.

கேள்வி: ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும். எங்கே குத்துவீர்கள்? ரொம்ப வலிக்குமா?

அக்குபங்சர் ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். ரத்தம் எடுக்கும் ஊசி இதைவிட மூன்று மடங்கு தடிமன். இதில் துளை கிடையாது, மருந்தும் கிடையாது. முதுகுவலிக்கு நான் அதிகம் தொடுவது இடுப்புக்கு மேலே, நடு எலும்பிலிருந்து ஒன்றரைக் கட்டைவிரல் அகலம் தள்ளி இரு பக்கமும். அடுத்தது முழங்காலின் பின்மடிப்பு நடுவில். தோல் தாண்டும்போது கொசுக்கடி அளவுக்குச் சுருக்கென்று இருக்கும். அதன்பிறகு ஒரு கனம், மந்தமான கடுப்பு. இறுகிய தசை ஊசியைக் கவ்விப் பிடிப்பது என் விரலுக்கே தெரியும். சில நிமிடத்தில் பிடி விடும். அரை மணி நேரம் குப்புறப் படுத்திருக்க வேண்டும், பாதிப் பேர் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்கள். மயக்கம் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு மட்டும் வராதீர்கள்.

கேள்வி: இதெல்லாம் வெறும் நம்பிக்கைதான் என்கிறான் என் தம்பி. என்ன பதில் சொல்வது?

தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு முறையான ஊசி. இன்னொன்றுக்குப் பொய் ஊசி, அதாவது சம்பந்தமில்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியது. மூன்றாவது குழுவுக்கு மருந்தும் பிசியோவும் சேர்ந்த வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. பொய் ஊசியில் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் வருடக்கணக்காகப் படித்த புள்ளிகளெல்லாம் அப்புறம் எதற்கு? ஆனால் எண் அதுதான். சரியான புள்ளி என்பதற்கு நாங்கள் நினைத்த அளவு மதிப்பு இல்லை. ஊசி, அக்கறையான ஒரு கை, யாரும் தொந்தரவு செய்யாத அரை மணி நேரம், இது மூன்றும் சேர்ந்த பொட்டலத்துக்கு மதிப்பு இருக்கிறது. டென்ஷனால் இறுகிய முதுகுக்கு அந்த அரை மணி நேரமே பாதி மருந்து என்பது என் எண்ணம்.

வல்லுநர்களும் ஒத்துப்போகவில்லை. எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் இடுப்புவலிக்கு இதைத் தர வேண்டாம் என்றது. அடுத்த வருடமே அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம், மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கத்தக்கவற்றில் இதையும் சேர்த்தது. தம்பியிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

கேள்வி: எத்தனை முறை வர வேண்டும்?

வாரம் ஒன்றோ இரண்டோ. ஆறு முறைக்குள் ஒரு மாற்றமும் இல்லையென்றால் நானே நிறுத்திவிடுவேன். "நாற்பது முறைக்கு இப்போதே பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

கேள்வி: பிரஷர் மாத்திரையை நிறுத்தினால்தான் ஊசி வேலை செய்யும் என்கிறார்கள் நான் போகும் இடத்தில்.

எழுந்து வந்துவிடுங்கள். திரும்பப் போகாதீர்கள்.

கேள்வி: யாரெல்லாம் போட்டுக்கொள்ளக் கூடாது?

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று கேளுங்கள், உங்கள் கண்முன்னே உறையைப் பிரிக்கட்டும். மேல் முதுகில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் பட்டுவிடும் ஆபத்து உண்டு. அபூர்வம்தான், ஆனால் தெரியாத கையில் படுக்காததற்கு இது ஒரு காரணம் போதும்.

முதுகுவலியோடு கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ என்னிடம் வராதீர்கள். அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தாலும் முதலில் டாக்டர்தான்.

கேள்வி: அக்கா, ஊசி போட்ட அன்று சொர்க்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. என்ன தப்பு செய்கிறேன்?

அந்த இரண்டு நாளில் என்ன செய்தீர்கள்? நன்றாக இருக்கிறதே என்று தேங்கிய வேலையையெல்லாம் உட்கார்ந்து முடித்திருப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஊசி கொடுப்பது இரண்டு நாள் அவகாசம். அதில் நடக்க வேண்டும், குனிந்து நிமிர்ந்து உடம்பின் பயத்தைத் தெளிய வைக்க வேண்டும், நேரத்துக்குப் படுக்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு கணக்காளர் ஐந்தாவது முறையும் இதே புகாரோடு வந்தார். ஒரு துண்டுச் சீட்டில் தினமும் இரண்டே விஷயம் எழுதச் சொன்னேன்: எழுந்திருக்காமல் எத்தனை நிமிடம் உட்கார முடிந்தது, ராத்திரி எத்தனை முறை விழித்தார். மூன்று வாரம் எழுதினார். நடந்த நாளுக்கு மறுநாள் எண்கள் நன்றாக இருந்தன, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும். சீட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "அப்போ உங்களுக்கு எதுக்கு மேடம் ஃபீஸ்?" என்று கேட்டார். எட்டாவது முறைக்கு அவர் வரவில்லை.