ஃப்ளாட்டன் செய்ததும் கடப்பின் ஆழம் குறைவது ஏன்?

வணக்கம் நண்பரே. எச்டி 209458 விண்மீனின் டெஸ் (நாசாவின் கோள் தேடும் விண்கலம்) தரவில் சுமார் 1.5% இருக்க வேண்டிய கடப்பு ஆழம் (கோள் விண்மீனின் முன்னால் கடக்கும்போது ஒளி குறையும் அளவு), லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பில் ஃப்ளாட்டன் (விண்மீனின் மெதுவான ஒளி மாற்றத்தை நீக்கும் கட்டளை) செய்ததும் சுருங்கி, இரு பக்கமும் மேடு தட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். தரவில் கோளாறு இல்லை. கோளின் கடப்பையே விண்மீனின் ஏற்ற இறக்கமாக எடுத்துக்கொண்டு நிரல் சமன்செய்துவிடுகிறது.

ஃப்ளாட்டனின் சாளரம் (வளைவைப் பொருத்த ஒரு தடவைக்கு எடுக்கும் தரவு நீளம்), நீங்கள் மாற்றாவிட்டால், 101 புள்ளிகள். 2 நிமிடத்துக்கு ஒரு புள்ளி உள்ள தரவில் அது சுமார் 3.4 மணி நேரம்தான். இந்தக் கோளின் கடப்போ ஏறத்தாழ 3 மணி நேரம்! பொருத்தும் வளைவு பள்ளத்துக்குள் இறங்கத்தான் செய்யும்.

சாளரத்தை ஒன்றரை நாளாக்குங்கள்: 1081 புள்ளிகள் (ஒற்றைப்படை எண் கட்டாயம்). 20 நொடித் தரவென்றால் 6481. இது மட்டும் போதாது, கடப்பு நேரத்தை மறைப்பதுதான் முக்கியம். கிரியேட் டிரான்சிட் மாஸ்க்கில் (கடப்பு நேரப் புள்ளிகளைக் குறித்துத் தரும் கட்டளை) கால அளவைச் சற்றுத் தாராளமாக 0.18 நாள் என்று கொடுத்து, கிடைக்கும் மாஸ்க்கை ஃப்ளாட்டனுக்குக் கொடுங்கள்.

பலர் சறுக்குவது, அந்த மாஸ்க்குக்குக் கொடுக்க வேண்டிய கடப்பின் மைய நேரத்தில். ஆய்வுக் கட்டுரையில் உள்ள ஜூலியன் நாளிலிருந்து (வானியலின் தொடர் நாள் எண்) 2457000-ஐக் கழித்தாக வேண்டும், டெஸ் தரவின் நேரம் அப்படித்தான் குறிக்கப்படுகிறது. 2003-ஆம் ஆண்டின் மைய நேரத்தை எடுத்தால் கோளின் சுற்றுக்காலத்தை 3.5247 நாள் என்று நிறுத்தாதீர்கள், 3.52474859 என முழுதாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் 2022 தரவுக்குள் மாஸ்க் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நகர்ந்துவிடும். உங்கள் வரைபடத்திலிருந்தே மைய நேரத்தைப் படித்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.

ரிமூவ் அவுட்லையர்ஸ் (விலகி நிற்கும் புள்ளிகளை நீக்கும் கட்டளை) பயன்படுத்தினால் மேல்பக்கம் மட்டும் வெட்டுங்கள். கீழ்ப்பக்கமும் வெட்டினால் பள்ளத்தின் அடிப் புள்ளிகள் போய்விடும்.