எல்லை (limit) என்ற கருத்தைப் படிக்காமல் வகைநுண்கணிதத்தைத் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். வகையீட்டை (differential), அதாவது ஓர் அளவில் வரும் மிகச் சிறிய மாற்றத்தை, முதலில் பிடித்துக்கொண்டால் விதிகள் கண்முன்னே தெரியும். 1684-இல் கணித அறிஞர் லைப்னிட்ஸ் வெளியிட்டதும் வகையீட்டு முறைதான்.

10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரைந்து, பக்கத்தை 0.1 செ.மீ. கூட்டுங்கள். புதிதாகச் சேர்பவை இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் 10 × 0.1 = 1 ச.செ.மீ.; மூலையில் 0.01 ச.செ.மீ. துண்டு ஒன்று. கூட்டுவது 0.001 செ.மீ. என்றால் பட்டைகள் சேர்ந்து 0.02, மூலை வெறும் 0.000001. பட்டைகளுக்கு முன் மூலை ஒன்றுமே இல்லை. ஆகவே பக்கம் எக்ஸ், அதில் கூட்டும் சிறு அளவு டிஎக்ஸ் என்றால் பரப்பின் வகையீடு 2எக்ஸ் × டிஎக்ஸ். சதுரத்துக்குப் பதில் செவ்வகம் வரைந்தால் பெருக்கல் விதியே கிடைத்துவிடும்.

பலர் சறுக்குவது மூலையை விடும் இடத்தில். டிஎக்ஸைப் பூச்சியம் என்று வைத்தால் பட்டைகளும் போய்விடும், பூச்சியத்தால் வகுக்கவும் முடியாது. (1734-இல் தத்துவஞானி பெர்க்லி கேள்வி எழுப்பியது இங்கேதான், நியாயமான கேள்வி.) முதலில் மொத்த மாற்றத்தை டிஎக்ஸால் வகுங்கள்: 2எக்ஸ் + டிஎக்ஸ் வரும். பிறகு டிஎக்ஸைச் சுருக்கிக்கொண்டே போனால் அது 2எக்ஸை நெருங்கும். எல்லை என்ற கருத்து தேவைப்படுவது அந்தக் கட்டத்தில்தான்.

டிஎக்ஸை எந்த வரியிலும் விடாதீர்கள். சைன் யு-வின் வகையீடு காஸ் யு × டியு. யு என்பது எக்ஸ் வர்க்கம் என்றால் டியு = 2எக்ஸ் × டிஎக்ஸ்; பிரதியிட்டால் சங்கிலி விதி முடிந்தது. தொகையிடலில் டிஎக்ஸை டியு-ஆக மாற்ற மறப்பதால் பிரதியிடல் கணக்குகள் பல நேரம் தப்புகின்றன. மாற்ற வீதத்தின் மாற்ற வீதமான இரண்டாம் வகைக்கெழுவை மட்டும் பின்னம்போல் அடித்துச் சுருக்கக் கூடாது.